எச்சில் என்று சொன்னேன்

என் பெரியப்பா நல்லகாமன் டவுன் பஸ் கண்டக்டர். முப்பத்தோரு வருஷம். அதில் பெரும்பகுதி பெரியார் நிலையத்துக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே, பழங்காநத்தம், பசுமலை, திருப்பரங்குன்றம், திருநகர் என்று அதே சாலையில் போய் வந்ததுதான். எங்கள் ஊர் செக்கானூரணிக்கு மேற்கே. அப்பா அங்கே வாழையும் நெல்லும் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிம்மக்கல் பக்கம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தபோது, "அவன் எதுக்கு ரூம் எடுத்துக் கடைச்சோறு தின்னுக்கிட்டு" என்று பெரியப்பா திருநகரில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். மூன்று வருஷமாக அந்த வீட்டுச் சோறு.

பெரியப்பாவுக்கு ஒரு பழக்கம். டிக்கெட் கட்டிலிருந்து கிழிப்பதற்கு முன் வலது கட்டைவிரலை நாக்கு நுனியில் ஒரு தொடு தொடுவார். தொடுவது கண்ணுக்கே தெரியாது. டிக்கெட் வந்து கையில் விழும்போது ஓரத்தில் லேசாக ஈரம் இருக்கும். பசுமலையில் ஏறும் கல்லூரிப் பெண்கள் விடமாட்டார்கள்.

"அண்ணே, காஞ்ச டிக்கெட்டா ஒண்ணு பாத்துக் குடுங்கண்ணே."

"ஈரமா இருந்தாத்தான்மா பறக்காது. ஜன்னலோரம் உக்காந்திருக்க. டிக்கெட்டக் காத்துல விட்டுட்டுச் செக்கிங்ல மாட்டுனா, அப்ப அண்ணேம்ப."

பஸ் முழுக்கச் சிரிக்கும். கொரோனா சமயத்தில் விரல் நனைக்க ஸ்பாஞ்சு வைத்த ஒரு டப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அது டிரைவர் முன்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் காய்ந்து கிடந்தது. பிறகு டிக்கெட் அடிக்கும் மிஷின் வந்தது. பொத்தானை அமுக்கும் முன்பும் விரல் நாக்குக்குத்தான் போனது.

"மிசினுக்கு எதுக்குண்ணே எச்சி?" என்று டிரைவர் கேட்டிருக்கிறார்.

"நேத்து வந்தது அது. எனக்கு முப்பது வருசப் பழக்கம். அது பழகிக்கிரட்டும்."

இப்படி எல்லோரும் கேலி செய்யும் மனிதர், தூங்குகிற பயணியை மட்டும் தொட்டு எழுப்பமாட்டார். யார் எங்கே இறங்கவேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். நிறுத்தம் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் போய், முன் சீட்டுக் கம்பியில் விசிலால் மெல்லத் தட்டுவார். ஆண், பெண், குடித்தவர், குடிக்காதவர், எல்லோருக்கும் அதே தட்டுதான். ஒருவரையும் அவர் அதட்டி இறக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவருடைய ஒரே மகள் முத்துமீனா, எனக்கு அக்கா, அந்தக் குணத்துக்காகத்தான் அவரைக் கேட்டாள். உசிலம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"எங்கப்பாதான் எம்பிள்ளைக்குச் சேனை வைக்கணும். இப்பயே சொல்லிட்டேன், பின்னாடி அந்த மதினி, இந்தச் சின்னம்மான்னு யாரும் சண்டைக்கு வரக் கூடாது."

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக ஒரு சொட்டு இனிப்பைத் தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை என்போம். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. ஒரு தடவைதான். தவறிப்போனால் மறுபடி வைக்க முடியாது.

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். "வெக்கத்தப் பாரு மனுசனுக்கு" என்றாள் பெரியம்மா பாண்டியம்மாள். ஆனால் அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வாசல்படியில் உட்கார்ந்து நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ள ஆரம்பித்தார். பிரசவத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

அதற்கும் முன்பே அவருக்குச் சாப்பாடு இறங்காமல்தான் இருந்தது. பாதித் தட்டில் வயிறு நிறைந்துவிட்டதாகச் சொல்வார். வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தார். பஸ்ஸில் நின்று நின்றே வருகிறது என்றார். பெல்ட்டில் ஆணியால் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டபோதுதான் பெரியம்மா பிடிவாதமாகக் கூட்டிப்போனாள். குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்து அனுப்பினார்கள். அந்தச் சதைத்துண்டு நான் வேலை பார்க்கிற இடத்துக்குத்தான் வந்தது.

என் வேலை ரிப்போர்ட் அடிப்பது. டாக்டர் எழுதிக் கொடுப்பதைக் கணினியில் ஏற்றுவேன். 'நல்லகாமன், 58, ஆண்' என்று அடித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் நல்லகாமன்கள் நிறைய உண்டு. இரைப்பையின் மேல்பகுதியில் புற்று என்ற வரியையும் அடித்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, கீழே கைப்பேசி எண்ணை அடிக்கும்போதுதான் விரல் நின்றது. பாதி எண்ணைப் பார்க்காமலே அடித்திருந்தேன். அது எனக்கு மனப்பாடமான எண்.

பெரியப்பாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் பவதாரிணி வீட்டாரிடம் பக்குவமாகச் சொன்னார். முதலில் சில தடவை மருந்து ஏற்றி, அப்புறம் ஆபரேஷன், செய்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். அதே சதையில் இன்னொரு சோதனையும் எழுதிக் கொடுத்தார். அதைச் சென்னைக்கு அனுப்பினோம். அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

முடிவு வியாழக்கிழமையே எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வந்துவிட்டது. டாக்டருக்கு அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கவேண்டும். நான் திறந்து படித்தேன். இரைப்பைப் புற்றுகளில் பத்தில் ஒன்று போல ஒரு வகை உண்டு. அந்தக் கட்டியின் செல்களுக்குள் ஒரு வைரஸ் குடியிருக்கும். பெரியப்பாவுடையது அந்த வகை. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கைப்பேசியில் வைரஸின் பெயரைப் போட்டுத் தேடினேன். இரண்டு பத்திதான் படித்தேன். எப்படிப் பரவும் என்ற கேள்விக்கு அதில் பதில் இருந்தது. பஸ் வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பெண்கள் மூன்று பேரும் கூடத்தில் இருந்தார்கள். அக்காவின் மாமியார் முனீஸ்வரி, பிரசவத் துணைக்கென்று வந்து இரண்டு நாளாகத் தங்கியிருந்தார். அவர்தான் ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணுதான் மதினி வெளங்கல. அண்ணே குடிக்கிறதில்ல, பீடி சிகரெட்டு கெடையாது. அவருக்குப் போயி எப்படி இது வந்துச்சு?"

"நானும் அதத்தான் அழுகுறேன்" என்றாள் பெரியம்மா.

"அது ஒரு வைரஸ்னால வர்ற வகை" என்றேன்.

மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின. எனக்குச் சபையில் பேச வராது. அந்த வீட்டில் நான் இருப்பதே சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியும். அன்று மூன்று பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, பிடித்திருந்தது.

"வைரஸ்னா? கொரோனா மாரியா?"

"அது வேற. இது எச்சி வழியாப் பரவுறது."

உமிழ்நீர் என்று ஒரு சொல் இருக்கிறது. அது எல்லோர் வாயிலும் ஊறுகிற வெறும் நீர். அதைச் சொல்லியிருக்கலாம். கவிதைப் புத்தகங்களாக வாங்கிப் படிக்கிறவன், ஒரு சொல்லின் எடை தெரிந்திருக்கவேண்டும். எச்சில் என்பது வாய்க்குள் இருக்கிற நீர் இல்லை. ஒருவர் வாய்பட்டு மற்றவருக்கு ஆகாமல் போனது. தட்டு எச்சில், டம்ளர் எச்சில், சாப்பிட்ட இலை எச்சில். அந்தச் சொல் விழுந்த பிறகு கூடத்தில் வைரஸைப் பற்றி யாரும் பேசவில்லை. முனீஸ்வரி அம்மா தன் கையிலிருந்த காபி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது யார் டம்ளர் என்று பார்க்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"அப்ப சேனை..." என்று இழுத்தார். முடிக்கவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். பெரியப்பா பின்கட்டு வாசலில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். முகம் கழுவிவிட்டு வந்தவர். எவ்வளவு கேட்டது என்று தெரியாது. துடைத்த துண்டைக் கொடியில் எங்கள் துணிகளோடு போடப் போனவர், நிறுத்தி, அதை மடித்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவர் தட்டு தனியாக இருந்தது. யாரும் வைக்கச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வந்த சீர்த்தட்டு, பெயர் வெட்டியது. தானே கழுவி, மதில்மேல் வெயிலில் கவிழ்த்திருந்தார். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, இரண்டு அடி தள்ளி நின்றார்.

"ஏய்யா பாண்டி. ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க பெரியப்பா."

"முப்பது வருசம்யா. ஒரு நாளைக்கு எம்புட்டு டிக்கெட்டுக் கிழிச்சிருப்பேன். அம்புட்டுலயும் இது போயிருக்கும்ல? அந்தப் பசுமலப் பிள்ளைக பாதிப்பேரு டிக்கெட்ட வாயில கவ்விக்கிட்டுத்தான் பையத் தொறக்குங்க. நான் பாத்திருக்கேன்."

"அப்படியெல்லாம் இருக்காது பெரியப்பா" என்றேன். உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

"விளையாட்டாச் சொன்னாளுக, காஞ்ச டிக்கெட்டு குடுன்னு. கேட்டிருக்கணும்" என்றார். அவர் முகம் எனக்கு எதிரே இல்லை, சுவர்ப்பக்கம் இருந்தது. தனக்கு வந்த நோயைவிட, தான் பிறருக்குக் கொடுத்திருப்போமோ என்பதில்தான் அவர் கூசிப்போயிருந்தார்.

அன்று வேலையிடத்தில் தேநீர் நேரத்தில், சிம்மக்கல் கடை வாசலில் நின்றபடி மீதியைப் படித்தேன். மூன்றாவது பத்தியிலேயே இருந்தது. இந்த வைரஸ் உலகத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கிறது. பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே வந்து, எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஆயுளுக்கும் உடம்பில் தூங்கும். புற்று ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. எனக்கும் அந்த வைரஸ் இருக்கும். முனீஸ்வரி அம்மாவுக்கும் இருக்கும். டம்ளரைத் திருப்பிப் பார்த்த கைக்கும் அதைப் பார்த்த கண்ணுக்கும் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைச் சுமந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். டீ ஆறிப்போனது.

சொல்லிவிடவேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சு கேட்டது.

"நல்ல பிள்ள மதினி பாண்டி. அவன் மட்டும் லேப்புல இல்லைன்னா நமக்குத் தெரிஞ்சிருக்குமா? பச்சப்பிள்ள வாயில கையக் கொண்டுபோயி வச்சிருப்போம். சாமி மாதிரி வந்து சொன்னான்."

"வாயத் தொறக்க மாட்டான். தொறந்தா விசயத்தோடதான் தொறப்பான்" என்றாள் பெரியம்மா.

உள்ளே போய், நான் பாதிதான் படித்தேன், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லவேண்டும். ஒரு வரி. சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை டாக்டர் சொல்லிக்கொள்வார் என்று எனக்கு நானே ஒரு தவணை கொடுத்துக்கொண்டேன். அக்காவுக்கு நாள் இன்னும் பத்து நாள் இருந்தது. ஒன்றும் கெட்டுப்போகாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவுக்கு வலி எடுத்தது. மதியம் பெண் குழந்தை. அறைக்கு மாற்றியதும் நர்ஸ் வந்து, "சீனித்தண்ணி, தேனுன்னு எதையாச்சும் பிள்ள வாயில வச்சீங்க, அப்புறம் எங்கிட்ட அழுதுக்கிட்டு வரக் கூடாது. தாய்ப்பால் மட்டும்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

"தாய்ப்பாலையே ஒரு சொட்டுத் தொட்டு வைப்போம். அதுக்கு என்ன சொல்லுவாகளாம்?" என்றாள் அக்கா. களைப்பிலும் குரல் தெளிவாக இருந்தது. "அப்பா எங்க?"

பெரியப்பா வராந்தாவில் இருந்தார். முகக்கவசம் போட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, தூரத்து ஜன்னலோரம் நின்றிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. அவர் உள்ளே பார்க்கவே இல்லை.

"அவருக்கு ஒடம்பு இப்படி இருக்கையில வேணாம்த்தா" என்றார் முனீஸ்வரி அம்மா. குரலில் கடுமை இல்லை. பேத்தியை நினைத்துப் பயந்திருந்தார். "பச்ச மண்ணு."

"எங்கப்பாதான்னு நான் சொன்னேன்ல" என்று அழ ஆரம்பித்தாள் அக்கா. பிறகு சட்டென்று என்னைப் பார்த்தாள். "டேய் பாண்டி, நீ சொல்லு. ஒனக்குத் தெரியும்ல. அப்பா வைக்கலாமா, கூடாதா? நீ சொன்னா எல்லாரும் கேப்பாக."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வியாழக்கிழமை மாதிரியே. எனக்குப் பதில் தெரியும். வைக்கலாம். ஒரே சொல். அதைச் சொன்னால், அப்புறம் எதற்கு அன்றைக்கு அப்படிச் சொன்னாய், எப்போது தெரிந்தது, இரண்டு நாளாக ஏன் பேசாமல் இருந்தாய் என்று வரிசையாகக் கேள்வி வரும்.

"எதுக்கும் டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்றேன்.

"அதுவரைக்கும் பிள்ள பால் குடிக்காம கெடக்குமா?" என்றாள் பெரியம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே முடிவு செய்தாள். "தாய்மாமன் முறைக்கு நீதான் இருக்க. நீயே வையி. தெரிஞ்ச பிள்ள, படிச்ச பிள்ள."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. கையைக் கழுவிவிட்டு வந்தேன். சின்னக் கிண்ணத்தில் நாலு சொட்டுப் பால். சுண்டுவிரல் நுனியால் தொட்டு வைத்தேன். குழந்தை நாக்கைச் சுழித்து ஒருமுறை சப்பியது. திரும்பிப் பார்த்தபோது பெரியப்பா ஜன்னலிலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றிருந்தார். நான் பார்த்ததும் பின்னால் போனார்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் அவரோடு நான்தான் போனேன். டாக்டர் பவதாரிணி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இந்த வகை மற்றதைவிடக் கொஞ்சம் நன்றாகவே சிகிச்சைக்கு மடங்கும் என்றார். பெரியப்பா அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

"டாக்டரம்மா, நான் கண்டக்டரு. எச்சி தொட்டு டிக்கெட்டுக் கிழிக்கிற பழக்கம். எத்தன பேருக்கு இதக் குடுத்திருப்பேன்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "ஐயா, இந்த வைரஸ் எனக்கு இருக்கும், இந்தத் தம்பிக்கு இருக்கும், வெளிய டோக்கன் குடுக்குற பொண்ணுக்கு இருக்கும். சின்னப் பிள்ளையிலயே வந்துரும். அம்மா சோறு ஊட்டையில வரும், அண்ணன் தம்பி ஒரே மிட்டாயக் கடிச்சுத் திங்கையில வரும். ஏன் ஒரு சிலருக்கு மட்டும் அது புத்துல போய் நிக்குதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல. ஆனா புத்துநோய் உங்ககிட்ட இருந்து யாருக்கும் ஒட்டாது. எச்சி தொடுறத விட்டுருங்க, சளி காய்ச்சல் பரவும். அம்புட்டுத்தான்."

"பச்சப்பிள்ளயத் தொடலாமா?"

"தாராளமா. மருந்து ஏத்த ஆரம்பிச்சா உங்களுக்குத்தான் சீக்கிரம் தொத்தும். சளி காய்ச்சல் உள்ளவங்க உங்க பக்கம் வராமப் பாத்துக்கிட்டாப் போதும்." டாக்டர் முகம் மாறியது. "பிள்ளயத் தொடக் கூடாதுன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

நான் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லலம்மா. நானா நெனச்சுக்கிட்டேன்" என்றார் பெரியப்பா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு கிடைத்தது. பழங்காநத்தம் தாண்டியதும் சொன்னேன்.

"பெரியப்பா. எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார். மூலக்கரையில் ஆள் ஏறி, பஸ் நகர்ந்ததும் கேட்டார்.

"பிள்ள பெறக்கையில?"

"தெரியும்."

"மீனா ஒன்னையக் கேட்டுச்சே. வெளிய எனக்குக் கேட்டுச்சு. நீ என்ன சொல்லப்போறேன்னு நானும் காதக் குடுத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

நான் அழுதிருக்கவேண்டும். வரவில்லை.

பசுமலையில் கூட்டம் ஏறியது. அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல சொல்லாத. மீனாவுக்கு நாந்தான் சேனை வைக்கணும்னு இருந்துச்சு. தெரிஞ்சா ஒன்னோட பேசாது. அந்தப் பிள்ளைக்கு இருக்குறதே நீ ஒரு மாமன்தான்."

வீட்டில் அவரே எல்லாம் சொன்னார். ஒட்டாதாம், தொடலாமாம், டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கும் பாண்டிக்கும் தெரிந்தது என்றார். முனீஸ்வரி அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "நான் ஒரு கூறுகெட்டவ. மன்னிச்சுக்கங்கண்ணே" என்று எழுந்துபோய், அவர் தட்டை மதிலிலிருந்து எடுத்துவந்து மற்றத் தட்டுகளோடு அடுக்கினார். தப்பு செய்யாதவர் மன்னிப்புக் கேட்டார். நான் தூணோரம் நின்றிருந்தேன்.

அக்கா குழந்தையைப் பெரியப்பா மடியில் கிடத்தினாள். குழந்தை அழவில்லை. கண்ணை மட்டும் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தது.

"பாருங்கப்பா, மூணு நாளா இப்படித்தான். சத்தமே கெடையாது, முழிச்சு முழிச்சுப் பாக்குறா" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கேலி இல்லை, அத்தனையும் பிரியம். "நீ வச்ச சேனைடா. ஒன்ன மாரியே பேசாமக் கெடக்கா."

பெரியப்பா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தையின் முகத்தையே பார்த்தபடி சொன்னார்.

"பேசுவாத்தா. கேட்டா, இவ பேசுவா."